பிள்ளைக்கு முன் பெற்றோர்: யூத வழிபாடும் தோராவும் உணர்த்தும் அன்றாட வாழ்க்கைப் பாடங்கள்

புலம்பெயர்ந்த தமிழர் கூடும் மேடைகளில் யூத இனம் அடிக்கடி எடுத்துக்காட்டாகக் கூறப்படுவதுண்டு. நாடிழந்து, ஊர் ஊராகத் துரத்தப்பட்டு, ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் உலகெங்கும் சிதறி வாழ்ந்தும் தன்னைத் தொலைத்துவிடாத இனம் என்று பேச்சாளர்கள் போற்றுவர். அவர்களது கல்வியும் செல்வமும் செல்வாக்கும் பட்டியலிடப்படும். கைதட்டல் எழும், கூட்டம் கலையும். அப்பட்டியலில் ஒரு பகுதி யூதரைப் பகைத்தோர் பரப்பிய கட்டுக்கதைகளின் எச்சம் என்பதைப் பலர் அறியார். அந்த இனம் தன் பிள்ளைகளுக்கு வீட்டில் நாள்தோறும் எதைக் கற்றுக்கொடுத்தது, எவ்வாறு கற்றுக்கொடுத்தது என்னும் வினாவோ பெரும்பாலும் எழுவதே இல்லை.

கி.பி. 70ஆம் ஆண்டில் உரோமப் படை எருசலேம் ஆலயத்தைத் தீக்கிரையாக்கியபோது, யூத சமயத்தின் நடுநாயகமாக விளங்கிய பலி வழிபாடு ஒரே நாளில் நின்றுபோயிற்று. பீடம் இல்லை, குருமார்க்குப் பணி இல்லை. அந்நிலையில் யவ்னே என்னும் சிற்றூரில் கூடிய அறிஞர்கள், இழந்ததை எண்ணி அழுவதோடு நின்றுவிடவில்லை. பலி நின்ற இடத்தில் வழிபாட்டையும் கல்வியையும் இரக்கச் செயல்களையும் வைத்தனர். ஆலயம் இருந்த காலத்தில் பீடம் செய்த பணியை, அது அழிந்தபின் உணவு மேசை செய்கிறது என்று தல்மூத் கூறுகிறது. எந்தப் படையாலும் எரிக்க முடியாத இடத்திற்கு, அதாவது வீட்டிற்கு, சமயம் குடிபெயர்ந்தது எனலாம்.

யூதரின் வழிபாட்டு நூலுக்குச் 'சித்தூர்' என்று பெயர். அதன் பொருள் 'ஒழுங்கு' என்பதாகும். பேரெழுச்சியான உணர்வுகளை நம்பியிராமல், சிறிய செயல்களை உரிய நேரத்தில் திரும்பத் திரும்பச் செய்யும் ஒழுங்கே அவ்வழிபாட்டின் அடித்தளம். அந்த ஒழுங்கினுள் பொதிந்துள்ள பாடங்களுட் சில, எச்சமயத்தைச் சார்ந்தவர்க்கும், எச்சமயமும் சாராதவர்க்கும் பயன்படத் தக்கவை.

கண் விழித்ததும் முதற்சொல்

காலையில் கண் விழித்ததும், படுக்கையை விட்டு எழுமுன்னரே, யூதர் கூறும் ஒற்றை வரி வேண்டுதல் 'மோதே அனி' எனப்படும். உயிரைத் திருப்பித் தந்தமைக்கு நன்றி கூறுவது அது. 16ஆம் நூற்றாண்டில் சஃபேத் நகரில் வாழ்ந்த மோசே இப்னு மகீரின் நூல் வாயிலாகப் பரவிய இவ்வரியில் இறைவனின் திருப்பெயர் இடம்பெறுவதில்லை. ஆதலால் கைகழுவுமுன்னரும் அதனைச் சொல்லலாம். பேசக் கற்கும் குழந்தைக்குத் தாய் முதலில் சொல்லிக்கொடுப்பவற்றுள் இதுவும் ஒன்று.

எபிரேயத்தில் அதன் முதற்சொல் நன்றியைக் குறிப்பது. 'நான்' என்பது அதற்கு அடுத்தே வருகிறது. நாளின் தொடக்கத்தில் 'எனக்கு இன்று என்ன வேண்டும்' என்பதற்கு முன்னர் 'எனக்கு ஏற்கெனவே என்ன கிடைத்துள்ளது' என்னும் எண்ணம் வைக்கப்படுகிறது. நன்றி கூறுவதற்கும் கடன்பட்டிருப்பதை ஒப்புக்கொள்வதற்கும் எபிரேயத்தில் வேர்ச்சொல் ஒன்றே. யூதர் என்னும் இனப்பெயருக்கு மூலமான யூதா என்ற பெயரும், ஆதியாகமத்தின்படி, அவனைப் பெற்ற லேயாள் நன்றி பெருகி இட்ட பெயரே ஆகும்.

இதனினும் வியப்பூட்டுவது மற்றொரு வேண்டுதல். கழிப்பறையிலிருந்து வெளியே வந்து கைகழுவியபின் சொல்லப்படுவது அது. மனித உடல் துளைகளாலும் குழாய்களாலும் ஞானத்துடன் அமைக்கப்பட்டுள்ளது, அவற்றுள் திறக்கக் கூடாத ஒன்று திறந்தாலோ அடைபடக் கூடாத ஒன்று அடைபட்டாலோ உயிர் நிலைக்காது என்பது அதன் கருத்து. ஏறத்தாழ 1,500 ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்ட தல்மூதிலேயே இது காணப்படுகிறது. சிறுநீரகம் பழுதுற்று வாரந்தோறும் மும்முறை குருதி சுத்திகரிப்புக்குச் செல்லும் ஒருவருக்கு இவ்வேண்டுதலின் பொருளை விளக்கத் தேவையில்லை. உடல்நலத்தோடிருப்பவர் நலம் கெடுமுன்னரே அதனை உணர வேண்டும் என்பதே இதன் பாடம்.

வாசல்நிலையில் ஒரு சாய்வு

யூத வழிபாட்டின் உயிர்நாடி 'ஷெமா' என்பதாகும். 'கேள்' என்பது அச்சொல்லின் பொருள். தோராவின் ஐந்தாம் நூலாகிய உபாகமத்தின் ஆறாம் அதிகாரத்தில் அது தொடங்குகிறது. காலையும் மாலையும் அது சொல்லப்படுகிறது. உறங்குமுன் பிள்ளையின் கட்டிலருகே அமர்ந்தும் பெற்றோர் அதனைச் சொல்லிக்கொடுப்பர். இறைவன் ஒருவனே என்று சாற்றியபின், அவனிடம் முழு அன்பு செலுத்துமாறும், இச்சொற்களைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்குமாறும் அப்பகுதி பணிக்கிறது. வீட்டில் இருக்கும்போதும், வழியில் நடக்கும்போதும், படுக்கும்போதும், எழும்போதும் இவற்றைப் பற்றிப் பேச வேண்டும் என்கிறது.

இங்கே கட்டளைகளின் வரிசை ஊன்றி நோக்கத்தக்கது. இச்சொற்கள் முதலில் உன் நெஞ்சில் இருக்க வேண்டும் என்று பெற்றோருக்கே சொல்லப்படுகிறது. பிள்ளைக்குக் கற்பிப்பது அதன்பின்னரே வருகிறது. தன் நெஞ்சில் இல்லாத ஒன்றைப் பிள்ளையின் நெஞ்சில் ஏற்றிவிட இயலாது என்னும் எளிய உண்மையை இவ்வரிசை உணர்த்துகிறது. பள்ளியையோ ஆசிரியரையோ அப்பகுதி குறிப்பிடவே இல்லை என்பதும் கருதத்தக்கது. வீடும் வழியும் படுக்கையும் விழிப்புமே அங்குக் கூறப்படும் வகுப்பறைகள்.

இதே பகுதியைத் தோற்சுருளில் எழுதி, சிறு கூட்டில் இட்டு, வாசலின் வலப்புற நிலையில் பொருத்துவர். அதற்கு 'மெசூசா' என்று பெயர். ஐரோப்பிய யூதர் பலரது வீடுகளில் அது நேராக நிற்பதுமில்லை, கிடையாகப் படுப்பதுமில்லை, சற்றே சாய்ந்திருக்கும். இதற்கொரு வரலாறு உண்டு. பிரான்சின் திருவா நகரில் வாழ்ந்து 1105இல் மறைந்த பேரறிஞர் ராஷி, மெசூசா செங்குத்தாக இருக்க வேண்டும் என்றார். அவருடைய மகள் வயிற்றுப் பேரரான ரபேனு தாம், அது கிடையாக இருத்தலே முறை என்றார். பிற்காலத்தோர் இருவரையும் மதித்துச் சாய்வாகப் பொருத்தினர். தாத்தாவும் பேரனும் கருத்து மாறுபடலாம், அம்மாறுபாட்டிற்கு இடம் விட்டுத்தான் ஒரு வீடு எழும்ப முடியும் என்பதை அவ்வீட்டார் வாசலைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் காண்கின்றனர்.

ஷெமாவைக் குறித்து, கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னாவின் முதற்பக்கத்திலேயே ஒரு நிகழ்ச்சி உள்ளது. ரபான் கமாலியேலின் மைந்தர்கள் ஒரு விருந்திற்குச் சென்று நள்ளிரவு கடந்து வீடு திரும்பினர். இன்னும் ஷெமா சொல்லவில்லை என்று தந்தையிடம் கூறினர். 'இவ்வளவு நேரம் எங்கே இருந்தீர்கள்' என்று அவர் சினந்ததாகப் பதிவில்லை. இன்னும் விடியவில்லையாயின் சொல்லியே ஆக வேண்டும் என்பதே அவருடைய விடை. பிந்திவிட்டது என்பதால் கடமை முடிந்துவிடாது. அதேவேளை பிந்தியவனுக்குக் கதவும் அடைபடுவதில்லை. பதின்ம வயதுப் பிள்ளைகளைக் கொண்ட பெற்றோர் இந்நிகழ்ச்சியை இருமுறை படிக்கலாம்.

உண்ணுமுன்னும் உண்டபின்னும்

நாளொன்றுக்கு 100 நன்றியுரைகள் கூறுதல் வேண்டும் என்பது 2ஆம் நூற்றாண்டு அறிஞர் ரபி மெயிரின் பெயரால் வழங்கும் நெறி. ரொட்டிக்கு ஒன்று, கனிக்கு ஒன்று, நறுமணத்திற்கு ஒன்று, இடி முழக்கத்திற்கும் வானவில்லுக்கும்கூட ஒன்று. வழக்கமானவற்றை வழக்கமானவை என்று கருதிக் கடந்துவிடாமல் ஒரு கணம் நிறுத்திப் பார்க்க வைப்பதே இதன் நோக்கம்.

உண்ணுமுன் கூறுவதைக் காட்டிலும் உண்டபின் கூறும் நன்றியே நீளமானது. உண்டு நிறைவடைந்தபின் இறைவனைப் போற்று என்னும் உபாகமக் கட்டளையிலிருந்து அது பிறந்தது. அதே அதிகாரம் தொடர்ந்து ஓர் எச்சரிக்கையையும் விடுக்கிறது. நல்ல வீடு கட்டி, மந்தை பெருகி, வெள்ளியும் பொன்னும் சேர்ந்தபின், இவையனைத்தும் தன் கைவலிமையால் வந்தவை என்று நெஞ்சம் செருக்குறக் கூடும் என்பதே அது. பசித்தவன் வேண்டுவது இயல்பு. வயிறு நிறைந்தவன் நினைவுகூர்வதே அரிது. அகதியாக வந்திறங்கிய நாளில் கைகொடுத்தோரை, வீட்டுக் கடன் அடைத்து முடித்த நாளில் எத்தனை பேர் நினைக்கின்றனர் என்ற வினா இங்கே தானாக எழுகிறது.

கூரைக்குக் கைப்பிடிச் சுவர்

தோரா வழிபாட்டை மட்டும் கூறும் நூலன்று. புதுவீடு கட்டுபவன் தன் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும், இல்லையேல் ஒருவர் விழுந்தால் இரத்தப்பழி அவ்வீட்டின் மேல் சேரும் என்று அது விதிக்கிறது. விபத்து நேர்ந்தபின் வருந்துவதைவிட, நேருமுன் தடுப்பதே அறம் என்னும் பொறியியல் நெறி இதனுள் அடங்கியுள்ளது. அறுவடையின்போது வயலின் ஓரங்களை முற்றாக அறுக்காமல், சிந்திய கதிர்களையும் பொறுக்காமல், ஏழைக்கும் அந்நியனுக்கும் விட்டுவிட வேண்டும் என்று லேவியராகமம் கூறுகிறது. வறியவன் கைநீட்டி நிற்க வேண்டாம். தானே வந்து உழைத்து எடுத்துக்கொள்ளலாம். ஈகைக்கு யூதர் வழங்கும் 'செதாக்கா' என்னும் சொல் நீதி என்னும் வேரிலிருந்து வந்தது. 1204இல் மறைந்த மைமோனிதிஸ் ஈகையை எட்டுப் படிகளாக வகுத்து, ஒருவனுக்குக் கடனோ கூட்டுத்தொழிலோ வேலையோ கொடுத்து அவன் பிறரிடம் கையேந்தாதபடி நிலைநிறுத்துவதே உச்சப்படி என்றார்.

எடைக்கல்லும் முகத்தலளவும் பொய்யாதிருக்க வேண்டும் என்பதும் தோராவின் கட்டளை. இறந்தபின் தீர்ப்பில் மனிதனிடம் கேட்கப்படும் முதல் வினா, கொடுக்கல் வாங்கலில் நேர்மையாக நடந்தாயா என்பதே என்று தல்மூத் கூறுகிறது. கற்பதற்கு நேரம் ஒதுக்கினாயா என்பது அதற்கு அடுத்ததாகவே வருகிறது. அவ்வாறே, ஆண்டின் மிகப் புனித நாளாகிய யோம் கிப்பூர் நோன்பு இறைவனுக்கு எதிரான குற்றங்களை மட்டுமே போக்கும் என்கிறது மிஷ்னா. அயலானுக்கு இழைத்த தீங்கு, அவனிடமே சென்று அவன் மனத்தை ஆற்றும் வரை தீராது. கோயிலில் செலுத்தும் காணிக்கை, பேசாமல் விட்ட சகோதரனுக்கு ஈடாகாது என்பதை இதைவிடத் தெளிவாகக் கூறுதல் அரிது.

ஓய்வுநாளும் பிள்ளைகளுக்கான வாழ்த்தும்

வெள்ளிக்கிழமை கதிரவன் மறைவதற்கு ஏறத்தாழ 18 நிமிடங்களுக்கு முன் வீட்டில் விளக்கேற்றப்படுகிறது. மறுநாள் இரவு விண்மீன்கள் தோன்றும்வரை சபாத் எனப்படும் ஓய்வுநாள். மிஷ்னா 39 வகைப் பணிகளை அந்நாளில் விலக்குகிறது. நெறி வழுவாத குடும்பங்களில் இன்று கைபேசியும் கணினியும் அவ்வளவு நேரமும் அணைந்தே கிடக்கின்றன. உலகம் தான் இல்லாமலும் ஒருநாள் இயங்கும் என்று ஒப்புக்கொள்ளும் பணிவு அதில் உள்ளது.

அவ்விரவு உணவுக்கு முன் பெற்றோர் பிள்ளைகளின் தலைமேல் கைவைத்து வாழ்த்துவர். பெண்மக்களைச் சாராள், ரெபெக்காள், ராகேல், லேயாள் போல விளங்குமாறு வாழ்த்துவர். ஆண்மக்களை ஆபிரகாமைப் போலவோ மோசேயைப் போலவோ ஆகுமாறு வாழ்த்துவதில்லை. எப்பிராயீமையும் மனாசேயையும் போல ஆகுமாறே வாழ்த்துவர். யாக்கோபு தன் பேரர்களை வாழ்த்திய முறையைப் பின்பற்றியது இது. அவ்விருவரும் யோசேப்புக்கு எகிப்தில், எகிப்தியத் தாயின் வயிற்றில் பிறந்தவர்கள். பாட்டனின் நாட்டைக் கண்டிராதவர்கள். அந்நிய மண்ணின் அரண்மனைச் சூழலில் வளர்ந்தும் வேரை விடாதவர்கள் என்பதாலும், ஆதியாகமத்துச் சகோதரர்களுள் ஒருவரையொருவர் பகைக்காதவர்கள் என்பதாலும் அவர்களது பெயர் தேர்ந்தெடுக்கப்பட்டது என்று உரையாசிரியர்கள் விளக்குவர். புலம்பெயர் மண்ணில் பிறந்த பிள்ளையைக் குறைபட்ட பிள்ளையாகக் கருதாமல், வாழ்த்துக்குரிய முன்மாதிரியாகவே ஒரு மரபு வைத்திருக்கிறது. 'உனக்கு ஊரைப் பற்றி என்ன தெரியும்' என்று பிள்ளையைக் கடியும் பெற்றோர் இதனை எண்ணிப் பார்ப்பது நலம்.

கேள்வி கேட்கும் பிள்ளை

எகிப்தின் அடிமைத்தளையிலிருந்து விடுபட்டதை நினைவுகூரும் பஸ்கா இரவு விருந்து, வீட்டின் கடைக்குட்டி கேட்கும் வினாக்களின் பின்னரே சூடுபிடிக்கிறது. இந்த இரவு மற்ற இரவுகளிலிருந்து ஏன் வேறுபடுகிறது என்று குழந்தை வினவ வேண்டும். பெரியோர் விடை கூற வேண்டும். அன்று நால்வகைப் பிள்ளைகள் பேசப்படுகின்றனர். ஒருவன் அறிவாளி, ஒருவன் எதிர்த்துப் பேசுபவன், ஒருவன் வெள்ளை மனத்தான், ஒருவனுக்குக் கேட்கவே தெரியாது. எதிர்த்துப் பேசுபவனுக்குக் கடுமையான விடையே நூலில் உள்ளது. ஆயினும் அவனுக்கும் அதே மேசையில் இடம் உண்டு. கேட்கத் தெரியாதவனுக்காகப் பெற்றோரே பேச்சைத் தொடங்க வேண்டும் என்பது விதி. பிள்ளை கேட்கவில்லை என்பது பெற்றோர் சொல்லாமல் விட்டதற்குச் சாக்காகாது.

அந்த நினைவு பகையை வளர்ப்பதற்காக மட்டும் அன்று. எகிப்தியர் மீது விழுந்த பத்து வாதைகளையும் சொல்லும்போது, கிண்ணத்திலிருந்து பத்துத் துளித் திராட்சரசத்தைச் சிந்துவர். பகைவரின் துன்பத்தால் தம் மகிழ்ச்சிக் கிண்ணம் குறைவதாக அதற்கு ஒரு விளக்கம் வழங்குகிறது. அந்நியனைத் துன்புறுத்தாதே என்னும் கட்டளை தோராவில் 36 இடங்களில் வருவதாகத் தல்மூத் கணக்கிடுகிறது. நீங்களும் எகிப்தில் அந்நியராக இருந்தீர்கள் என்பதே அதற்குக் கூறப்படும் காரணம். பட்ட துன்பம் பிறர் துன்பத்தைக் காணும் கண்ணாக வேண்டும் என்பது அதன் சாரம். யூத அரசொன்று இக்கட்டளையைக் காக்கிறதா என்று யூதர்களுக்குள்ளேயே கடும் விவாதம் நடைபெற்று வருகிறது. அவ்விவாதத்திற்கு அவர்கள் உரைகல்லாகக் கொள்வதும் இதே தோராவைத்தான்.

குறைகளும் உண்டு

இம்மரபு குறையற்றது என்று கூறுவதற்கில்லை. கூட்டு வழிபாட்டிற்குப் பத்துப் பேர் தேவை. பெற்றோரை இழந்தவர் ஏறத்தாழ 11 மாதங்கள் சொல்லும் 'கதீஷ்' வேண்டுதலையும் தனியே சொல்ல முடியாது. துயருற்றவரைத் தனித்திருக்க விடாத அரிய ஏற்பாடு அது. ஆனால் வைதிகப் பிரிவினர் அப்பத்துப் பேருள் பெண்களை இன்றும் எண்ணுவதில்லை. சீர்திருத்தப் பிரிவினர் எண்ணுகின்றனர். நீதியற்றவர் செய்யும் வழிபாட்டை இறைவன் வெறுக்கிறான் என்று ஆமோஸ், ஏசாயா முதலிய இறைவாக்கினர் தம் இனத்தாரையே இடித்துரைத்தனர். ஒழுங்கு உயிரற்ற சடங்காக மாறும் ஆபத்தை அவர்கள் அன்றே கண்டனர்.

யூத இளையோர் அனைவரும் மரபுவழி நிற்கின்றனர் என்பதும் மெய்யன்று. பியூ ஆய்வு மையம் 2021இல் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்க யூதருள் நான்கில் ஒருவருக்கும் சற்று மேற்பட்டோர் தமக்குச் சமயம் இல்லை என்கின்றனர். மாதம் ஒருமுறையேனும் தொழுகைக்கூடம் செல்வோர் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரே. ஆயினும் பஸ்கா விருந்தில் பத்தில் ஆறு பேர் கலந்துகொண்டுள்ளனர். கூடத்தை விட்டு அகன்றவர்களும் வீட்டு மேசையை விட்டு அகலவில்லை என்பதையே இக்கணக்கு காட்டுகிறது.

தமிழ்ப் பெற்றோர் முன் உள்ள வினா

சனிக்கிழமை காலையில் பிள்ளையைத் தமிழ்ப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டு, வாகனத்திலேயே கைபேசியைப் பார்த்தபடி இரண்டு மணி நேரம் காத்திருக்கும் தந்தையர் பலர். வகுப்பு முடிந்து திரும்பும் வழியில் அப்பிள்ளையுடன் அவர்கள் பேசுவது வேற்று மொழியில். அப்பள்ளிகளில் ஊதியமின்றி உழைக்கும் ஆசிரியர்களின் தொண்டு போற்றற்குரியது. எனினும் வாரத்தின் 168 மணி நேரத்தில் இரண்டு மணி நேரம் கற்றதை, எஞ்சிய 166 மணி நேரமும் மறுக்குமாயின் பிள்ளை எதனை நம்பும்?

யூதரின் வேண்டுதல்களைத் தமிழர் கடன்வாங்க வேண்டியதில்லை. அவரவர் சமயமும் கொள்கையும் அவரவர்க்கு உண்டு. கற்கத்தக்கது அந்த அமைப்பு முறையே. நாளுக்கு ஒரு நன்றி. வாரத்தில் ஒரு மாலை, கருவிகள் அணைந்த ஒரு மேசை. ஆண்டுக்கு ஓர் இரவு, குடும்பம் புறப்பட்டு வந்த கதையைப் பிள்ளை கேட்கவும் பெரியோர் மறைக்காமல் சொல்லவும். இவற்றுக்கு மண்டபமோ நிதியோ தலைவரோ தேவையில்லை. இளையோரும் தம் பங்கை உணர வேண்டும். பெற்றோர் பேசத் தயங்கினால், கேள்வியைத் தாமே தொடங்கி வைக்கலாம்.

தந்தை மகனுக்குச் செய்யும் கடன்களைத் தல்மூத் வரிசைப்படுத்துகிறது. தோராவைக் கற்பித்தல், தொழில் கற்பித்தல் ஆகியவற்றோடு, நீந்தக் கற்பித்தலும் கடனே என்று சிலர் கூறியதாக அது பதிவு செய்கிறது. புலம்பெயர்ந்த பெற்றோர் தொழிற்கல்வியை முனைந்து தருகின்றனர். நீச்சல் வகுப்பிற்கும் தவறாமல் அழைத்துச் செல்கின்றனர். இங்கே முதலில் குறிப்பிட்டதை மட்டும் வேறொருவர் தருவார் என்று விட்டுவிடலாகாது. நீச்சலைக் கரையில் நின்று இன்னொருவர் கற்பிக்கலாம். மொழியையும் நன்றியையும் நேர்மையையும் பிள்ளை கற்பது, பெற்றோர் தாமே அவற்றுள் இறங்கி நிற்பதைக் கண்டுதான்.